டிராக்டர் டாப்பும் டிரைவர் காதும்

எங்கள் பட்டறைக்கு டாப்பு அடிக்கச் சொல்லி வருகிறவர்கள் நிழலைப் பற்றித்தான் பேசுவார்கள். மழைக்கு ஒழுகக் கூடாது, ஊருக்குள் போனால் எடுப்பாக இருக்க வேண்டும், முன்பக்கம் பிள்ளைகள் பெயர் எழுத இடம் விட வேண்டும். சத்தத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்தப் பேச்சு டாப்பு ஏறிச் சில வாரம் கழித்துத்தான் வரும். அதுவும் முதலாளி வரமாட்டார், வண்டி ஓட்டுகிற டிரைவர் வருவார். "அண்ணே, டாப்பு போட்டதுலேருந்து மண்டைக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு. ஒரு வழி பண்ணிக் குடுங்க."

மன்னார்குடிப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், டிரெய்லர் ரிப்பேர், சேறடிக்கிற கேஜ் வீல், அதோடு டிராக்டர் டாப்பு. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கிற தேதி ஜூன் 12 என்பதால், சித்திரை வைகாசி முழுக்க டாப்பு வேலை தள்ளும். கடையில் ரெடிமேடாக ஃபைபர் டாப்பு கிடைக்கிறது. ஆனாலும் நம் ஆட்கள் தகரம்தான் கேட்கிறார்கள். புளியங்கிளை பட்டால் கீறல் விழுமே தவிர உடையாது. நசுங்கினால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். மேலே சாக்கு, தார்ப்பாய், சாப்பாட்டுக் கூடை எதை வேண்டுமானாலும் போடலாம்.

டாப்புக்கு என்று தனியாகச் சத்தம் கிடையாது. வேறு எங்கோ பிறக்கிற சத்தத்தை வாங்கி டிரைவர் தலையில் கொட்டுவதுதான் அதன் வேலை. எந்த வழியாக வாங்குகிறது, எப்படிக் கொட்டுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஃபோம் வாங்கி ஒட்டுகிறவர்கள்தான் ஊரில் அதிகம். முட்டை அட்டை ஒட்டியவரைப் பார்த்திருக்கிறேன். தெர்மாகோல் ஒட்டி, அது முதல் மழையிலேயே பிய்ந்து நடவு வயலெல்லாம் வெள்ளை உருண்டையாக மிதந்த கதையும் உண்டு. தெர்மாகோல் வெயிலைத் தடுக்கும். சத்தத்துக்கு அது எதுவும் செய்யாது.

முதலில் வண்டியின் கட்டுமானத்தைப் பார்க்க வேண்டும். காரில் எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலும் அது கிடையாது. எஞ்சின் பிளாக், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்த இரும்புக் கோர்வைதான் வண்டியே. எஞ்சினில் கிளம்புகிற அதிர்வுக்கு மட்கார்டு வரைக்கும் தடையே இல்லை. அந்த மட்கார்டில் நாம் நாலு கால் நட்டு, மேலே நாலுக்கு ஐந்தடித் தகரத்தை விரிக்கிறோம்.

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். மூன்று சிலிண்டர் வண்டி 2000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் வினாடிக்கு 50 அடி. நாலு சிலிண்டர் என்றால் 67 அடி. மாஸி 1035 மூன்று சிலிண்டர், மஹிந்திரா 475 நாலு சிலிண்டர். ஒரே அச்சில் அடித்த டாப்பை இரண்டிலும் மாட்டினால், ஒன்றில் சாதுவாக இருப்பது இன்னொன்றில் கத்தும். "அவர் வண்டிக்கு நல்லா அடிச்சுக் குடுத்தீங்க, எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். தகரத்துக்கும் சட்டத்துக்கும் சொந்தமாக ஒரு ஆட்டம் உண்டு. எஞ்சினின் அடி அந்த ஆட்டத்தோடு ஒத்துப்போகிற இடத்தில் டாப்பு முழுசும் பாட ஆரம்பித்துவிடும். ஆக்சிலேட்டரை மெல்ல ஏற்றிப் பாருங்கள். ஓர் இடத்தில் 'ம்ம்ம்' என்று குமுறி, அதைத் தாண்டியதும் அடங்கும். அந்த இடம் உழவு ஓட்டும் வேகத்திலேயே விழுந்தால் டிரைவர் பாடு அதோகதி.

ஆகவே வண்டி சத்தத்துக்காக வந்தால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் நான் எடுப்பது நனைந்த சாக்கு.

செய்முறை இதுதான். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துவது, சுவரோரம் கூடாது. டிரைவரைச் சீட்டில் உட்காரவைத்து, அவர் வழக்கமாக உழவு ஓட்டுகிற ஆர்.பி.எம்.மில் ஆக்சிலேட்டரை நிறுத்துவது. இரண்டு மூன்று சாக்கைத் தண்ணீரில் முக்கி டாப்பின் மேல் பரப்புவது. சத்தம் சட்டென்று இறங்கினால் குற்றவாளி தகரத்தின் அதிர்வு. இறங்கவே இல்லையென்றால் சாக்கை எடுத்துவிட்டு, கனமான பருத்தி மெத்தை விரிப்பு ஒன்றை டாப்பின் அடிப்பக்கம் கயிற்றால் கட்டுவது. இப்போது குறைந்தால், எஞ்சினிலிருந்து நேரே கிளம்பும் சத்தம் கூரையில் பட்டுத் திரும்பிக் காதில் விழுகிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் அசையவில்லையா? நாலு போல்ட்டைக் கழற்றி டாப்பை இறக்கிவைத்துவிட்டு ஓட்டிக் கேட்க வேண்டியதுதான். டாப்பு இல்லாமலும் அதே இரைச்சல் என்றால் டாப்பைப் பழி சொல்லிப் பயனில்லை. சைலன்சரைப் பார்க்கணும்.

இந்தச் சோதனைக்குச் செலவு இல்லை, அரை மணி நேரம் பிடிக்கும். போனில் டெசிபல் காட்டுகிற ஆப் இருந்தால் டிரைவர் காதுப்பக்கம் பிடித்துக் குறித்துக்கொள்ளலாம். அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே போன், ஒரே இடம், ஒரே ஆர்.பி.எம். என்று வைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதும்.

கடகடச் சத்தம் தனி விஷயம். அது பெரும்பாலும் லூஸ் போல்ட், டாப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரிவெட் விட்டுப்போன இடம், கண்ணாடி ஸ்டாண்டு, லைட் பிராக்கெட், டூல்ஸ் பெட்டி மூடி. ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பிடித்தாலே தெரிந்துவிடும். நைலாக் நட் போட்டு, இரும்பும் இரும்பும் உரசுகிற இடத்தில் பழைய ட்யூப் துண்டு வைத்தால் முடிந்தது.

காலுக்கு வருவோம். முன்கால் இரண்டையும் கிளட்ச் ஹவுசிங் போல்ட்டில் பிடித்துக் கொடுக்கிற வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. ஓட்டை தயாராக இருக்கிறதே என்று அங்கே பிடிக்கிறார்கள். எஞ்சினின் அதிர்வு அதிகமாக வரும் இடம் அதுதான். நான் நாலு காலையும் மட்கார்டிலேயே, உள்பக்கம் தடித்த பட்டை வைத்து நிறுத்துகிறேன். மட்கார்டுத் தகரத்தில் மட்டும் பிடித்தால் நாளாவட்டத்தில் ஓட்டையைச் சுற்றி வெடிப்பு விடும்.

காலுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ரப்பர் வைக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த ரப்பர் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். லாரி டயரை அறுத்து வைப்பார்கள். டயரில் நைலான் நூல் ஓடுகிறது, அது கட்டைக்குச் சமம். ஷாக் அப்சார்பர் புஷ் வைப்பார்கள். அது லாரியின் கனத்துக்குச் செய்தது. என் டாப்பு சட்டத்தோடு சேர்த்து நாற்பது கிலோவுக்குள் அடங்கும், ஒரு காலுக்குப் பத்துக் கிலோ. அந்தக் கனத்துக்கு லாரி புஷ் அமுங்கவே அமுங்காது. அமுங்காத ரப்பர் அதிர்வைத் தடுக்காது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. டாப்பின் கனத்தில் ரப்பர் 1 மில்லிமீட்டர் அமுங்கினால், அந்த டாப்பின் சொந்த ஆட்டம் வினாடிக்கு ஏறக்குறைய 16. 2 மில்லிமீட்டர் அமுங்கினால் 11. எஞ்சினின் அடி இந்த ஆட்டத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேலே போனால்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்க ஆரம்பிக்கும். அதற்குக் கீழே இருந்தால் கூட்டித்தான் விடும். மூன்று சிலிண்டர் வண்டி 700 ஆர்.பி.எம்.மில் ஐடிலிங் நிற்கும்போது வினாடிக்கு பதினேழரை அடி. அதனால்தான் கெட்டி ரப்பர் வைத்த டாப்பு ஐடிலிங்கில் பேயாட்டம் ஆடுகிறது. வண்டி வேலை செய்கிற வேகத்தில் ஆடாது என்று டிரைவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயப்படமாட்டார். மெத்தென்ற ரப்பராக இருந்தால் ஐடிலிங்கிலும் அடங்கும்.

எனக்குச் சரியாக அமைந்தது ஏசியின் வெளி யூனிட்டுக்கு அடியில் வைக்கிற ரப்பர் மவுண்ட். அந்த யூனிட்டும் ஏறக்குறைய என் டாப்புக் கனம்தான், நாலு காலில்தான் நிற்கிறது. வெயிலும் டீசலும் பட்டு ரப்பர் வெடிக்கும், பார்த்து மாற்றணும். ரப்பர் அறுந்தாலும் டாப்பு பறந்துபோகாதபடி ஒவ்வொரு காலுக்கும் ஒரு தடுப்பு போல்ட் உண்டு.

அந்த போல்ட்டில்தான் பாதிப் பேர் வேலையைக் கெடுக்கிறார்கள். கீழே ரப்பரை வைத்துவிட்டு, மேலே வெறும் இரும்பு வாஷர் போட்டு, நட்டை முடிந்த மட்டும் முறுக்குவார்கள். அதிர்வுக்கு ரப்பர் எதற்கு, அது போல்ட் வழியாகவே ஏறிவிடும். போல்ட்டுக்கும் கால் ஓட்டைக்கும் நடுவில் இடைவெளி வேண்டும், அதில் ரப்பர்க் குழாய் ஓட வேண்டும், நட்டுக்குக் கீழேயும் ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். இரும்பு இரும்பைத் தொடவே கூடாது. முடித்ததும் ஒரு தாளை மடித்து இடுக்கில் நுழைத்துச் சுற்றிவரப் பார்ப்பேன். எங்காவது தாள் நின்றால் அங்கே தொடுகிறது.

அடுத்தது தகரம். இருபது கேஜ் ஜி.ஐ. ஷீட்டைத்தான் பெரும்பாலும் போடுகிறோம். அதிர்ந்தால் குறுக்குச் சட்டம் கூடப் போடு என்பார்கள். போட்டால் தகரம் விறைக்கும், ஆட்டம் அடங்காது, வேறு சுருதிக்கு மாறும். ஒரு அடிக்கு ஒரு அடி என்று சரி சமமாகக் கட்டம் பிரித்தால் எல்லாக் கட்டமும் ஒரே சுருதியில் சேர்ந்து பாடும். அது எஞ்சினின் அடிக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டால் தொலைந்தது. நான் கட்டங்களை ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவில் பிரிக்கிறேன், ஒன்று ஒன்பது அங்குலம், அடுத்தது பதினாலு என்கிற மாதிரி. வாடிக்கையாளர் கேட்டால், "அளவு தெரியாம அடிச்சிட்டாரு" என்று நினைக்காதீர்கள் என்பேன். தகரத்துக்கு லேசாக வளைவு கொடுத்தால் இன்னும் நல்லது. மழைத்தண்ணீரும் நிற்காது, தகரமும் நெகிழாது.

ஆட்டத்தை அடக்க அதை விழுங்குகிற பொருள் ஒன்று வேண்டும். கார் ஆக்சசரீஸ் கடையில் அலுமினியத்தாள் ஒட்டிய பியூட்டைல் ஷீட் விற்கிறார்கள். அருமையான பொருள், விலைதான் டிராக்டர்காரருக்குக் கட்டாது. மொட்டைமாடிக்கு ஒட்டுகிற தார் ஷீட்டைச் சிலர் அடிப்பக்கம் ஒட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் தகரம் தொடமுடியாத சூட்டுக்குப் போகும்போது தார் இளகித் தொங்கும். டிரைவர் தலையில் வடிந்ததும் உண்டு.

பஞ்சர் கடையில் ஒரு மூலையில் கிடக்கும் பழைய லாரி ட்யூப் அநேகமாக அதே பியூட்டைல் ரப்பர்தான். காற்றைப் பிடித்துவைக்கிற குணத்துக்காக அதில் ட்யூப் செய்கிறார்கள். அதிர்வை விழுங்குவதிலும் அது கெட்டிக்காரப் பொருள். ட்யூபை நீளவாக்கில் அறுத்து விரித்து, பஞ்சர் ஒட்டுகிறவர் செய்வதைப்போல இருபக்கமும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் ஒட்டினால் நிற்காது, பியூட்டைலுக்குப் பசை பிடிப்பது கஷ்டம். தகரத்தின் அடிப்பக்கமும் பெயின்ட், எண்ணெய் போகத் துடைத்து, ரப்பர் பசை தடவிக் காயவிட்டு ஒட்டுவது. கதை இதோடு முடியவில்லை. ட்யூபின் மேல் மெல்லிய தகரத் துண்டு ஒன்றை, வெட்டி மீந்ததில் 28 கேஜ் கிடைத்தால் போதும், அதே பசையால் ஒட்டி மூட வேண்டும். இரண்டு தகரத்துக்கு நடுவில் ரப்பர் சிக்கிக்கொள்கிறது. மேல் தகரம் வளையும்போதெல்லாம் ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு, அந்த ஆட்டத்தைச் சூடாக மாற்றித் தின்றுவிடும். வெறும் ரப்பரை ஒட்டுவதற்கும் இப்படி மூடி ஒட்டுவதற்கும் வித்தியாசம் கேட்டால்தான் தெரியும். விரல் மடக்கித் தட்டினால் முன்பு 'டங்' என்று நீண்டது இப்போது 'டப்' என்று நின்றுவிடும்.

டாப்பு முழுக்க ஒட்டத் தேவையில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் நடுவில், பரப்பில் மூன்றில் ஒரு பங்கு மூடினால் பெரும்பகுதி பலன் வந்துவிடும். ஓரம் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது, அது அவ்வளவாக ஆடாது. மழை பெய்தாலும் தடதடப்பு பாதியாகிவிடும் என்பது இதில் கிடைக்கிற உபரி.

திரும்பி வருகிற சத்தத்துக்கு வேறு வைத்தியம். டாப்பின் அடிப்பக்கம் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, மெல்ல நகர்த்தச் சொல்லி, நான் சீட்டில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பேன். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் பானட்டும் சைலன்சர் வாயும் தெரிகிறதோ, அந்த இடத்தில் பட்டுத்தான் சத்தம் காதுக்கு வருகிறது. கீச்சுக் குரலான சத்தமெல்லாம் ஒளி திரும்புவதைப் போலத்தான் திரும்பும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, அங்கே முதலில் மெத்தை வைத்தால் போதும். சில வண்டிகளில் அந்த வட்டம் டாப்பின் முன் விளிம்பிலேயே விழும். அங்கே மெத்தைக்குக் காசு கொடுப்பதைவிட முன் நீட்டத்தில் அரை அடி வெட்டிவிடுவது நல்லது. "நெழல் கொறையுமே" என்று முகம் சுளிப்பார்கள். குறையத்தான் செய்யும்.

மெத்தைக்கு எது? ஃபோமில் ஓட்டையுள்ள ரகம்தான் சத்தத்தை உறிஞ்சும், அது தண்ணீரையும் உறிஞ்சும். ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ரப்பர் ஃபோம் தண்ணீரைக் குடிக்காது, சத்தத்தையும் அவ்வளவாகக் குடிக்காது. சாதாரண மெத்தை ஃபோம் தீப்பிடித்தால் விஷப்புகை, டிராக்டரில் டீசலும் பொறியும் பக்கத்திலேயே இருக்கிறது. நான் தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திய காயர் ஷீட்டைப் போடுகிறேன். மெத்தைக் கம்பெனிகள் பயன்படுத்துகிற சரக்கு. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைக்குப் பஞ்சமில்லை, நார் வேலையும் நடக்கிறது. காற்று புகுந்து போகிற சரக்கு என்பதால் நடுத்தர, கீச்சுச் சத்தங்களை நன்றாக வாங்கும். தகரத்தோடு ஒட்டாமல் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு ஃப்ளாட் பட்டையில் தாங்கவைத்தால் பலன் கூடும், ஈரமும் உலரும். நாரும் எரியும் பொருள்தான். சைலன்சர் பக்கம் ஒரு அடி தள்ளியே நிறுத்திவிடுவேன்.

மெத்தையை மூடுகிற விஷயத்தில்தான் பணம் வீணாகிறது. குஷன் கடையில் கொடுத்தால் பளபளவென்று ரெக்சின் தைத்து, நடுவில் பட்டன் வைத்து, கல்யாண மேடை மாதிரி செய்து கொடுப்பார்கள். ரெக்சினில் காற்று புகாது, காற்று புகாத இடத்தில் கீச்சுச் சத்தமும் புகாது, பட்டுத் திரும்பிவிடும். வண்டியைப் பார்த்து ஊரே மெச்சும், டிரைவர் காதுக்கு மட்டும் ஒன்றும் வராது. நர்சரிக்குப் போடும் பச்சை வலை போதும், இல்லாவிட்டால் நிறைய ஓட்டை போட்ட அலுமினிய ஷீட். ஓரங்களை நன்றாக அடைக்க வேண்டும், விட்டால் குளவி கூடு கட்டிவிடும். உழவு நடுவில் குளவி கிளம்பினால் டிரைவர் வண்டியை விட்டே குதித்துவிடுவார்.

மெத்தையால் ஆகாதது ஒன்று உண்டு, எஞ்சினின் அந்த அடிக்குரல் உறுமல். வினாடிக்கு 50 அடிக்கிற சத்தத்தின் அலை ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம். அதை உறிஞ்ச ஒன்றரை மீட்டருக்கு மேல் தடித்த மெத்தை வேண்டும். இரண்டு அங்குல நார் அதற்கு உறைக்காது. உறுமல் குறைய வேண்டுமானால் சைலன்சரில்தான் கைவைக்க வேண்டும்.

சைலன்சரில் பாதிக் கேஸ் வெறும் ஓட்டைதான். அடிப்பக்கம் துரு தின்றிருக்கும், இல்லாவிட்டால் மேனிஃபோல்டு பேக்கிங் போயிருக்கும். கறுப்பாகக் கரி படிந்த தடம் பார்த்தால் தெரியும். பானட்டின் மேல் நிமிர்ந்து நிற்கிற சைலன்சரின் வாய் டாப்பின் முன் விளிம்புக்குக் கீழே இருந்தால், அது நேராக டாப்புக்கு உள்ளே ஊதுகிறது. அதே விட்டக் குழாயில் நீட்டி, வாயை விளிம்புக்கு மேலே கொண்டுபோய், டிரைவருக்கு எதிர்ப்பக்கம் பார்க்கத் திருப்பிவிட வேண்டும். நீட்டிய குழாயின் கனத்தைப் பானட்டிலோ தனி பிராக்கெட்டிலோ தாங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் மேனிஃபோல்டு ஸ்டட் முறியும். சின்ன விட்டத்தில் கூட ஒரு சைலன்சர் சேர்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள், புகை அடைத்து எஞ்சின் இழுக்காது.

மழைக்காலத்தில் சிலர் மூன்று பக்கமும் தகரமோ பிளாஸ்டிக் ஷீட்டோ அடைக்கச் சொல்வார்கள். அடைத்தால் அது பெட்டி ஆகிவிடும், உள்ளே வந்த சத்தம் வெளியே போகாது. இது நம் ஊர்ப் பட்டறைகளில் மட்டும் நடந்த கூத்து இல்லை. பிரிட்டனில் 1970இல் வண்டி கவிழ்ந்தால் டிரைவரைக் காக்கும் கேபின் புது டிராக்டர்களுக்குக் கட்டாயமானது. உயிர் தப்பினார்கள், காது போனது. அந்த இரும்புக் கேபின்களுக்குள் இரைச்சல் தாங்காமல் போகவே, 1976இல் கேபினுக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதி வந்தது. அந்த விதிப்படி செய்த கேபினுக்கு க்யூ கேப் என்று பெயர். அத்தனை கம்பெனி எஞ்சினியர்களுக்கே சட்டம் போட்டுத்தான் உறைத்தது.

கவிழ்வது பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பட்டறை டாப்பு நிழலுக்கானது, வண்டி கவிழ்ந்தால் அது காப்பாற்றாது. கம்பெனி பொருத்திய பாதுகாப்புச் சட்டம் உள்ள வண்டி வந்தால் அதில் நான் ஓட்டை போடமாட்டேன், வெல்டிங்கும் வைக்கமாட்டேன். கிளாம்ப் போட்டுத்தான் பிடிப்பேன். "அடுத்த பட்டறைல பத்து நிமிஷத்துல வச்சுக் குடுத்துருவாங்க" என்பார்கள். அங்கேயே போகட்டும்.

இத்தனையும் செய்தால் எவ்வளவு குறையும்? டாப்பு தன் பங்குக்குக் கூட்டியதைத் திரும்ப எடுத்துவிடலாம், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் அதற்கு மேலும் ஒன்றிரண்டு. மோசமான டாப்பைச் சரி செய்தபோது என் போனில் ஐந்தாறு டெசிபல் இறங்கிப் பார்த்திருக்கிறேன். பத்து இறங்கினால்தான் மனிதக் காதுக்குப் பாதியானதாகத் தோன்றும், மூன்று இறங்கினால் பெரிதாகத் தெரியவே தெரியாது. அதனால், "என்னண்ணே, இவ்வளவு செலவழிச்சு இவ்வளவுதானா" என்ற கேள்வி வரும்.

ஆனால் அந்த மூன்றை லேசாக எண்ண முடியாது. மூன்று டெசிபல் குறைந்தால் காதில் விழுகிற சத்தத்தின் சக்தி பாதியாகிறது. அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் நியோஷ் நிறுவனத்தின் பரிந்துரை, எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். மூன்று கூடக் கூட நேரம் பாதி: 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு மணி, 94க்கு ஒரு மணி. நம் நாட்டுத் தொழிற்சாலை விதியில் எட்டு மணி நேரத்துக்கு 90 என்று இருக்கிறது. வயலில் அதைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருவதில்லை. கேபின் இல்லாத டிராக்டரில் டிரைவர் காதருகே 90க்கு மேல் போவது சகஜம், சேறடிப்புக் காலத்தில் விடிகாலை ஏறினவர் இருட்டித்தான் இறங்குகிறார். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் டிராக்டர் பரிசோதனை நிலையம் இருக்கிறது. அதன் அறிக்கைகளில் ஒவ்வொரு மாடலுக்கும் டிரைவர் காதருகே எவ்வளவு சத்தம் என்று அளந்து போடுகிறார்கள். வண்டி வாங்கும்போது குதிரைத்திறனையும் டீசல் குடியையும் விசாரிக்கிறவர்கள் அந்த வரியையும் கேட்கலாம். அது வண்டியை அளந்த கணக்கு, நம் தகர டாப்பை அளந்த கணக்கு இல்லை என்பதையும் நினைவில் வைக்கணும்.

பட்டறைக்கு வருகிற பழைய டிரைவர்கள் போன் வந்தால் வலது காதில்தான் வைக்கிறார்கள். கவனித்துப் பாருங்கள். ரோட்டாவேட்டரைப் பார்க்க வலதுபக்கம் திரும்பித் திரும்பி உட்கார்ந்து ஓட்டுவதால் இடது காது எஞ்சினைப் பார்த்தே இருக்கிறது. "சத்தம் கேக்குதுண்ணே, என்ன சொல்றாங்கன்னுதான் வெளங்கல" என்பார்கள். இரைச்சலால் போகிற காதில் முதலில் போவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சு. ச, த போன்ற எழுத்துகள் மங்கும், பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் குழம்பும். ஒரு முறை போனது திரும்ப வராது. இந்த லட்சணத்தில் டாப்புக்குள் ஸ்பீக்கர் மாட்டச் சொல்வார்கள். எஞ்சின் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் பாட்டு எஞ்சினைவிட உரக்க ஓடணும். நான் மாட்டித் தருகிறேன், வேண்டாம் என்றால் வேறு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் டாப்பு சரி செய்கிற ஒவ்வொரு வண்டிக்கும் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ஃபோம் காதடைப்பு ஒரு ஜோடி வாங்கி டூல்ஸ் பெட்டியில் போட்டுவிடுகிறேன். என் ட்யூபும் நாரும் சேர்ந்து செய்வதைவிட, உருட்டிச் சரியாகச் செருகிய அந்தப் பஞ்சு அதிகம் செய்யும். பட்டறைக்காரன் சொல்லக் கூடாத உண்மை இது, ஆனாலும் உண்மை.

வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். டாப்பு அடிக்க வரும்போது நீங்கள் மட்டும் வராதீர்கள், வண்டி ஓட்டுகிறவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் உயரத்துக்கு டாப்பு நிற்கட்டும், அவர் உட்கார்ந்து காட்டட்டும், கடைசியில் வண்டியை ஸ்டார்ட் செய்து வேலை ஆர்.பி.எம்.மில் வைத்து, அவர் சரி என்று சொன்ன பிறகு காசு கொடுங்கள்.